ஆற்றைத் தாண்டாத குதிரை

தம்பிக்கு முழங்காலில் எலும்புக் காசம் என்று கடலூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குப் பத்து வயது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். அவனை அழவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னைப் பார்க்கும் பார்வையே போதும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவின் ஜவுளிக்கடையிலிருந்து வந்த, சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டை ஒன்றில் கட்டங்கள் போட்டு, நடுவே நீலப் பென்சிலால் ஓர் ஆறு வரைந்தேன். இக்கரையில் அவன் கோட்டை, அக்கரையில் என் கோட்டை. புளியங்கொட்டைகள் சிப்பாய்கள். பெரிய கோட்டுப் பொத்தான் அவனுடைய குதிரை; அது என் கோட்டையைப் பிடித்துவிட்டால் அவனுக்கு ஜெயம். நடக்க முடியாத பிள்ளையாயிற்றே என்று, குதிரை எந்தப் பக்கமும் எத்தனை கட்டமும் போகலாம் என்று விட்டுக்கொடுத்தேன். வரிசையாக ஜெயித்தான். பிறகு அட்டையைத் தள்ளிவிட்டான்.

“எங்க வேணா போலாம்னா நான் எதுக்குக்கா யோசிக்கணும்?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சட்டம் மேல் சட்டமாகப் போட்டேன். குதிரைக்கு ஒரு கட்டம்தான். ஆற்றில் இறங்கவே கூடாது. நான் காட்டும் சிப்பாயைத்தான் நகர்த்த வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். “எல்லாத்தையும் நீயே சொல்ற. நீயே ஆடிக்க,” என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கஞ்சியையும் தொடவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. கடலூர் டாக்டர் ஏதோ சொல்லியிருந்தார். அதற்கு அத்தா சீக்கிரம் பதில் சொல்லியாக வேண்டும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தம்பி செத்துப்போய்விடுவானா என்று கேட்க நாக்கு வரை வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிக்கொள்வேன்.

கடைசியில் சட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். இக்கரையில் குதிரை இஷ்டம்போல் ஓடலாம். ஆற்றையும் தாண்டலாம். தாண்டினால் திரும்ப முடியாது.

தம்பி மாறிப்போனான். பொத்தானை ஆற்றங்கரை வரை கொண்டுபோவான், விரலை எடுக்காமல் பின்னுக்கு இழுப்பான். “இரு, இருக்கா,” என்பான். கஞ்சி ஆறிப்போகும். ஒரு நாள் காலையில் அம்மா, “ராத்திரியெல்லாம் போவாத போவாதன்னு பொலம்புறான். ஒடம்பு வேற சுடுது,” என்றாள். என் சட்டத்தால்தான் காய்ச்சல் என்று முடிவு செய்துவிட்டேன்.

“அது வேணாம்டா. நீ திரும்பி வந்துக்க,” என்று அவனிடம் கெஞ்சினேன்.

“போக்கா. அத எடுத்துட்டா அப்பறம் ஆட்டமே இல்ல.”

அன்று அத்தா வழக்கத்துக்கு மாறாகப் பொழுதோடு கடையை அடைத்துவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் தம்பியின் காலடியில் உட்கார்ந்து, அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் குதிர ஏன் ஆத்தோரமாவே நிக்குது?”

“தாண்டுனா திரும்ப முடியாதுத்தா.”

“அப்ப தாண்டாம இருந்துட வேண்டியதுதான?”

“இங்கயே நின்னா தோத்துருவேன். அக்கா என் ஆளுங்கள ஒண்ணொண்ணா வெட்டிக்கிட்டு வருது.”

“சரி, தாண்டிட்ட. அப்பறம், ஏன்டா தாண்டுனோம்னு இருந்தா?”

தம்பி நெற்றியைச் சுருக்கி யோசித்தான். “இருக்கும்த்தா. ஆனா கோட்டையப் புடிக்கலாம்ல.”

அத்தா மாவுக்கட்டின் மேல் கையை வைத்தபடி, அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை அப்படியே இருந்தார்.

மறுநாள் காலை வாடகைக் காரில் தம்பியைக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பதில் கேட்டிருந்தது இதற்குத்தான்: முழங்கால் மூட்டை எடுத்து எலும்போடு எலும்பைச் சேர்த்துவிடும் ஆபரேஷன். நோய் அதோடு நிற்கும், ஆனால் கால் ஆயுசுக்கும் மடங்காது. அத்தா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். நோய் நின்றது. கால் மடங்கவில்லை. தம்பிக்கு இன்றைக்கும் பஸ்ஸில் நடைபாதை ஓரத்து சீட் வேண்டும், தொழுகைக்கு நாற்காலி வேண்டும். அத்தாவை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அத்தாதான் கடைசிவரை, அவன் காலை நீட்டி உட்காரும் நேரமெல்லாம் வேறு பக்கம் பார்ப்பார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. கார் கிளம்பிய அந்தக் காலையில் எனக்குள் பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் விளையாட்டு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத அத்தா, என் ஆட்டத்தைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டாரே. அவருக்கும் ஆட ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பி வருவதற்குள் இன்னொரு சட்டை அட்டையில் கட்டங்கள் போட்டு வைத்தேன். புதிதாக ஆடுபவர், சுலபமாக இருக்கட்டும் என்று அதில் ஆறு வரையவில்லை.