கண்ணாடிப் பெட்டிக்குள் கணீர்

"என் மைக்குல ஏறின பேரு ஒண்ணுகூட இதுவரைக்கும் கீழ விழுந்ததில்ல. எமனே வந்து வடக்கு ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தாலும், அவன் காதுல விழுற மாதிரி சொல்லிட்டுத்தான் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க் மூடியில் ஊற்றிய வெந்நீரை ஒரு மடக்குக் குடித்து, தலையை அண்ணாந்து, தொண்டைக்குள் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு விழுங்குகிறார் கணீர். மற்றவர்கள் சாமி கும்பிடும் அக்கறையோடு அவர் செய்கிற காரியம் இது. காலையில் ஒரு முறை, மைக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முறை, மனைவியோடு வாக்குவாதம் வரும்போல் தெரிந்தால் கூடுதலாக ஒரு முறை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் கணீர்தான். வார நாட்களில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஆள் குடைக்கம்பிபோல் இருப்பார். குரல் மட்டும் வேறு யாரோ ஒரு பயில்வானிடம் இரவல் வாங்கியதுபோல் இருக்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால், பேருந்தைத் தவறவிட்டவர்கள்கூட ஒரு கணம் பெருமையோடு நிமிர்வார்கள். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. "குளியலறை தற்போது காலியாக உள்ளது" என்று கூடத்தில் நின்று அறிவிப்பார். "கொஞ்சம் மனுஷன் மாதிரி பேசுங்களேன்" என்பது மனைவியின் இருபது வருடக் கோரிக்கை. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் அவர் கால்பந்து மைதானத்துக்குப் போய்விடுவார். எங்கள் அணியின் வீரர்களை ஆட்டத்துக்கு முன் பெயர் சொல்லி அழைப்பவர் அவர். அதற்கு ஒரு முறை உண்டு. அவர் ஒரு முறை பெயரைச் சொல்வார். வடக்கு ஸ்டாண்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ரசிகர் கூட்டம் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லும். புதிதாக ஒருவர் அணிக்கு வந்தால், கணீர் உடைமாற்றும் அறைக்கே போய், "உங்க பேரை நீங்களே ஒருதரம் சொல்லுங்க" என்று கேட்டு, எதிரில் நின்று திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். உரியவர் தலையாட்டும்வரை விடமாட்டார். ஒரு கோல்கீப்பர் பசி தாங்காமல் தலையாட்டியதாகச் சொல்கிறார்கள். அது பொறாமைக்காரர்கள் பேச்சு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் புதிய பயிற்சியாளர் நியமிக்கப்பட்டார். நியமித்த மறுநாளே எங்கள் பழைய நட்சத்திரம் தொலைக்காட்சியில் தோன்றினார். அவரை நாங்கள் தங்கக்கால் என்போம். "இந்த ஆளைப் பந்துக்குக் காத்தடிக்கக்கூட நான் வெச்சுக்க மாட்டேன்" என்றார் தங்கக்கால். அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் பெஞ்சும் இரண்டாகப் பிளந்தது.

ஒரு முனையில் கணீரின் மைத்துனர். மருந்துக்கடையில் விற்பனையாளர், வடக்கு ஸ்டாண்டு ரசிகர் மன்றத்தின் தலைவர். மறுமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நடுவில், வெந்நீர் பிளாஸ்கை மார்போடு அணைத்தபடி கணீர்.

"ஒரு பெரிய மேட்ச்சுல பந்தைத் தொட்டதில்ல அந்தாளு. அவரு நம்ம பசங்களுக்குச் சொல்லித் தர்றதா? தங்கக்கால் கேட்டதுல என்ன தப்பு?" என்றார் மைத்துனர்.

"தங்கக்காலும் அந்த வேலைக்குத்தான மனு போட்டாரு? கிடைக்கல. கிடைச்சிருந்தா வாயைத் திறந்திருப்பாரா?" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"அண்ணே, முழங்கால்ல ஆபரேஷன் கத்தி வெச்ச பிறகும் நமக்காக ஆடின மனுஷன்."

"கத்தி வெச்சது முழங்கால்ல. பேசறது வாயால. ரெண்டையும் ஏன்ப்பா ஒண்ணா போட்டுக் குழப்புற? உங்க முதலாளிக்கு என்னைக்காவது சர்க்கரை வியாதி வந்துச்சா? மாத்திரை விக்கலயா?"

"இவரு முன்னாடி என்ன வேலை பாத்தாருன்னு தெரியுமா? ஸ்கூல்ல டிரில் வாத்தியார். பசங்களை வரிசையில நிக்க வெச்சவரு."

"அதைத்தான் நம்மாளுங்களுக்கு முதல்ல சொல்லித் தரணும். போன சீசன் பாத்தல்ல. நிக்க வேண்டிய இடத்துல ஒருத்தனாவது நின்னானா?"

"நீங்க சொல்லுங்க மாமா" என்று மைத்துனர் நடுவே திரும்பினார்.

கணீர் பிளாஸ்கைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றார்.

மைத்துனர் கிளாசைக் கீழே வைத்தார். குரலையும் கீழே இறக்கினார். "மாமா, ஒண்ணு சொல்லிடறேன். சனிக்கிழமை அந்தாளு பேரு ஸ்பீக்கர்ல வரக்கூடாதுன்னு பசங்க முடிவு பண்ணிட்டாங்க. வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"நீ பொறுப்பில்லன்னா வேற யாரு மாப்ள? நீதான தலைவரு?"

"பேருக்குத்தான் மாமா தலைவர். நாலு சீட்டு தள்ளி எவன் என்ன கொண்டுவந்திருக்கான்னு எனக்கே தெரியாது. எனக்கே பயமா இருக்கு."

மிரட்டியிருந்தால் கணீர் தாங்கிக்கொண்டிருப்பார். மிரட்ட வந்தவரே பயந்ததும், பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவருடைய அறிவிப்புப் பெட்டி வடக்கு ஸ்டாண்டின் கடைசி வரிசைக்கு நேர் மேலே தொங்குகிறது. மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் ஒற்றைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் ஒரு மூலையில் அணியின் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். பார்ப்பவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். முன்பொரு நாள், வெளியேற்றப்பட்ட வீரரின் பெயரை அவர் அறிவித்தபோது கீழேயிருந்து வந்த பாட்டில் உண்டாக்கிய விரிசலை அது மறைக்கிறது. பெயரை முடிவு செய்தவர் நடுவர். பாட்டில் வந்தது சொன்னவருக்கு. உலகம் முழுக்க இந்த ஏற்பாடுதான்.

அந்த வாரத்தில் கணீருக்கு ஒரு புதிய உண்மை புலப்பட்டது. மற்றவர்கள் பயந்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கலாம். அவர் முகம் பலருக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் குரல். எனவே அதை மறைத்துக்கொண்டார். காய்கறிக் கடையில் கத்தரிக்காயை விரலால் சுட்டினார். பேருந்தில் நடத்துநரிடம் இறங்குமிடத்தைச் சைகையில் கேட்டார். அந்த நல்லவர், வாய் பேச முடியாதவர் என்று நினைத்து, இவருக்கு எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி இன்னொருவரை அதட்டினார். ஆனால் நிலையத்தில் வாயைத் திறக்காமல் முடியுமா? விசாரணைச் சாளரத்தில் ஒருவர் குனிந்து, பேருந்து பற்றி எதுவும் கேட்காமல், "சனிக்கிழமை நீங்கதான சார் சொல்லப்போறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவர் சிரித்தாரா இல்லையா என்று கணீர் இன்றுவரை யோசிக்கிறார். மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவில் தங்கக்காலின் படம் ஒட்டியிருந்தது. வாசகம் எதுவும் இல்லை. ஏதாவது எழுதியிருந்தால் தேவலை என்றார் கணீர்.

கிளப் மேலாளரிடம் போய், பயிற்சியாளர் பெயரை மட்டும் பலகையில் எழுதிக் காட்டினால் என்ன என்று பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். "சொல்றதுக்குத்தான் நீங்க. சொல்ல முடியலன்னா சொல்லிடுங்க. அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார் மேலாளர். மைதானம் இல்லாத கணீர், வெறும் பேருந்து நிலையம். அந்த எண்ணம் பாட்டிலைவிடப் பெரிதாக வந்து விழுந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஒருநாள் லீவு போடுங்க" என்றார் மனைவி.

"தொண்டை கட்டறதா? எனக்கா?"

கேட்டாரே தவிர, பிறகு சமையலறையில் ஏதோ சத்தம் கேட்டு அந்த அம்மாள் போய்ப் பார்த்தபோது, பிறந்ததிலிருந்து குளிர்ந்த நீரைத் தொடாத மனிதர் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ்கட்டிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் கடித்தார். தொண்டை துரோகம் செய்தது. சனிக்கிழமை காலை அது முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. "என்னங்க இது, வெண்கலம் மாதிரி இருக்கு" என்றார் மனைவி, வருத்தத்தோடு.

பெட்டிக்குள் துணைக்கு ஒரு நாற்காலி போட்டு, பழைய சிநேகிதனான என்னையும் அழைத்திருந்தார். முதலில் உடைமாற்றும் அறைக்குப் போனோம். பயிற்சியாளர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். ஊரை இரண்டாக்கிய மனிதர் இவ்வளவு சின்னதாக இருப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கணீர் வழக்கம்போலக் கேட்டார். அவர் தன் பெயரைச் சொன்னார். கணீர் திருப்பிச் சொன்னார்.

"நடுவுல கொஞ்சம் நீட்டணும்" என்றார் பயிற்சியாளர், மன்னிப்புக் கேட்பதுபோல்.

கணீர் நீட்டினார். அவர் தலையாட்டினார். நாங்கள் திரும்பும்போது, "சார்" என்று கூப்பிட்டார்.

"அப்பா வந்திருக்காரு. வடக்குப் பக்கம்தான் டிக்கெட் கிடைச்சுது. யாருன்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லி உட்கார வெச்சிருக்கேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். என் பேரை மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லிடுங்க."

"சத்தமாவா?" என்றார் கணீர். வெந்நீர் குடிக்க மறந்தே போனார்.

பெட்டிக்கு ஏற ஓர் இரும்பு ஏணி. வேட்டைக்குப் போகும் மன்னனின் முகத்தை வைத்துக்கொண்டுதான் ஏறினார். இரண்டு படிக்கு ஒரு தடவை மட்டும் நின்று கீழே எட்டிப் பார்த்தார். மைக்கின் விசையை மேலே தள்ளினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கோல்கீப்பரில் தொடங்கினார். கீழே ஆயிரக்கணக்கான தொண்டைகள் மூன்று முறை திருப்பிச் சொன்னபோது தகரம் அதிர்ந்தது. ஒவ்வொரு பெயராக ஏறியது. ஒவ்வொன்றும் இடியாகத் திரும்பியது. பதினோராவது பெயர் முடிந்தது.

"நமது அணியின் புதிய பயிற்சியாளர்..."

வடக்கு ஸ்டாண்டு சட்டென்று அடங்கியது. கூச்சலிட்டிருந்தால் பரவாயில்லை. வரிசை வரிசையாக, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லா முகங்களும் மேலே திரும்பின. முதல் வரிசையில் மைத்துனர் இரண்டு கைகளையும் கூப்பி வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சில கைகள் இருக்கைகளுக்கு அடியில் எதையோ தேடின.

கணீர் மூச்சை இழுத்தார். மார்பு விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவருடைய கட்டைவிரல், வேறு யாருடைய விரலோ போல, மெதுவாக நகர்ந்து விசையைக் கீழே இறக்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். கடைசி எழுத்துவரை திருத்தமாக, நடுவில் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, உயிரைக் கொடுத்துச் சொன்னார். என் காது அடைத்தது. எதிரே இருந்த கண்ணாடியில் அவர் மூச்சு வட்டமாகப் படிந்தது. வெளியே ஒருவரும் அசையவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்து அந்த வட்டத்தைத் துடைத்தார்.