டாக்டர் சாத்தாத கதவு

எனக்கு மூக்கை நுழைக்கிற புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. அடுத்த வீட்டில் ஏன் சண்டை, எதிர் வீட்டு அக்கா ஏன் மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள் என்று துருவித் துருவிக் கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியவள் நான். அதே புத்திக்கு அமெரிக்காவில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் உளவியல் படிக்கக் கிளம்பிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பெண்களுக்கு நேர்ந்த வன்முறை அவர்களுடைய உடல்நலத்தை, அதிலும் வெளியே சொல்லக் கூசுகிற உடல்நலத்தை, எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் எங்கள் பேராசிரியையின் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஜெபக்கூட்டத்தில் யாராவது ஆன்ட்டி, "என்னம்மா ரிசர்ச் பண்றே?" என்று கேட்டால், "ஹெல்த், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு சமோசா இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

இரண்டு கிளினிக்குகளை ஒப்பிட்டோம். ஒன்று வசதியான புறநகரில் இருந்தது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். இன்னொன்று பழைய தொழில் நகரம் ஒன்றின் நடுவில்; அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். இரண்டு இடத்திலும் டாக்டர்கள் எங்களுக்காக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் விருப்பத்துக்கு மாறாக யாராவது உங்களை அடித்ததோ தொட்டதோ உண்டா? புறநகரில் பலர் உண்டு என்றார்கள். நகரத்தில் அநேகமாக எல்லோரும் இல்லை என்றார்கள்.

எனக்கு இது உறுத்தியது. இல்லை என்று சொன்ன அதே பெண்களுக்குத்தான் பால்வினை நோய்த்தொற்று திரும்பத் திரும்ப வந்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள். தூக்கமே வரவில்லை என்று மாத்திரை கேட்டார்கள். உடம்பு ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொன்னது.

ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு எந்த உறுத்தலும் இல்லை. நகரக் கிளினிக்கின் கடைசி அறையில், இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகவே ஓர் ஆலோசகர் இருந்தார். அவரிடம் யாரும் போவதில்லை. எங்கள் முடிவுகள் வந்ததும் அவரை அனுப்பிவிட்டு அந்த அறையை மூடிவிடுவது என்று நிர்வாகி தீர்மானித்திருந்தார். "இந்தப் பெண்கள் ரொம்ப உறுதியானவர்கள், இவர்களுக்கு சர்ச் இருக்கிறது" என்றார். தலையைத் தடவிக்கொண்டே கையில் இருப்பதைப் பிடுங்குகிற சாமர்த்தியம் சிலருக்குத்தான் வரும்.

நகரக் கிளினிக்கின் டாக்டர் நம் ஆள். திருநெல்வேலிப் பக்கம், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவர். உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத ஆஸ்பத்திரிகளில் அப்போது இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள்தான் வேலை பார்த்தார்கள். அவர் குடும்பம் பார்சிப்பனி என்ற ஊரில் இருந்தது. நானும் அதே ஊரில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். என்னிடம் கார் கிடையாது. தினமும் அவர் காரில்தான் போவேன், வருவேன்; அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். கிளினிக்குக்கு வரும் பெண்களுக்கு அவர் என்றால் உயிர். அவரைப் பார்க்க எத்தனை நேரமானாலும் காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவரிடம் ஏன் இல்லை என்கிறார்கள்? முதலில் கேள்வியின் வார்த்தைகளைச் சந்தேகப்பட்டேன். எளிமையாக மாற்றிக் கொடுத்தேன். பலனில்லை. அங்கிளின் உச்சரிப்பு புரியவில்லையோ என்று நினைத்தேன். அவர் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறார்களே, அது எப்படிப் புரிகிறது? கடைசியில், யோசித்தது போதும், போய்ப் பார்ப்போம் என்று ஒருநாள் காலை அவர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில், காத்திருக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த சற்று நேரத்திலேயே எனக்கு முகம் சூடாகிவிட்டது. உள்ளே இருந்த பெண்ணுக்கு எப்போது மாதவிலக்கு வந்தது, எங்கே எரிகிறது, எத்தனை நாளாக என்று எல்லாம் எனக்குக் கேட்டது. கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கே சுவருக்கு அந்தச் சிரமமே இல்லை, பெஞ்சு முழுக்கக் காதுகள். ஒரே தெரு, ஒரே சர்ச் ஆட்கள். துணைக்கு வந்த புருஷன்மார்களும் மாமியார்களும் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள். அங்கிள் எங்கள் கேள்வியைக் கனிவாகக் கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "நோ, டாக்டர்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

நம் ஜெபக்கூட்டத்து ஆன்ட்டிகளை வரிசையாக அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், எனக்கு ஜலதோஷம் என்றுகூட நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாளே புறநகர் கிளினிக்குக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு நர்ஸ் துணைக்கு உள்ளேயே இருந்தாள். நகரத்தில் மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே நர்ஸ். அவளும் பாதி நேரம் ஃபோனில். இதைத்தான் நாங்கள் இனத்துக்கு இனம் வேறுபாடு என்று எழுதப் பார்த்தோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை அங்கிளிடம் யார் சொல்வது? அவர் காரில் உட்கார்ந்துகொண்டே அவரிடம் எப்படிச் சொல்வது? அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது, ஹைவேயில் டிராஃபிக் நின்றுபோன ஓர் இடத்தில், மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"கதவைச் சாத்தறதா?" அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு லேடி பேஷண்ட் தனியா உள்ள இருக்கும்போதா? ஊர்ல மிஷன் ஆஸ்பத்திரியில எங்க சீஃப் முதல் நாளே சொன்னாரும்மா, நர்ஸ் பக்கத்துல இல்லைன்னா கதவு திறந்தேதான் இருக்கணும்னு. அதுதான் அவங்களுக்கு நாம குடுக்கற ரெஸ்பெக்ட்."

"ரெஸ்பெக்ட்தான் அங்கிள். ஆனா வெளியில எல்லாருக்கும் கேட்குது."

"உனக்குத் தெரியாது. நான் ஃபாரின் டாக்டர். மூடின ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தா போதும், யாரு எனக்காகப் பேசுவா? லைசென்ஸ் போச்சு. உங்க ஆன்ட்டியும் பிள்ளைங்களும் நடுத்தெருவுல நிக்கணும்."

அவர் சொன்னதும் உண்மைதான். மரியாதையும் பயமும் சேர்ந்து திறந்து வைத்த கதவு அது. இறங்கும்போது நான் "தேங்க்ஸ் அங்கிள்" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். நாளையிலிருந்து பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வழக்கம்போல் வாசலில் ஹார்ன் கேட்டது. நான் ஏறி உட்கார்ந்ததும், "நர்ஸ் இல்லை, சரி. நீ உள்ள வந்து உட்காரு. செக் பண்ணி முடிச்சதும் நான் வெளிய போயிடறேன். கதவைச் சாத்திக்கிட்டு நீ கேளு" என்றார். ராத்திரியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். பேராசிரியையிடம் சொன்னதும் அவரே ஆஸ்பத்திரியில் பேசி அனுமதி வாங்கினார். விருப்பம் இல்லாதவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிபந்தனையோடு ஆரம்பித்தோம்.

முதல் நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பல வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? இரண்டாம் நாள் ஒரு பெண், நான் கேள்வியைக் கேட்டதும், பரிசோதனை மேசையிலிருந்து இறங்கிப் போய்க் கதவுக் குமிழைத் திருகிப் பார்த்தாள். நன்றாகத்தான் சாத்தியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். பேசி முடித்ததும் கடைசி அறைக்கு வழி கேட்டாள். நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாரத்திலேயே இன்னும் சிலர் அங்கே போனார்கள். மாதம் முடிவதற்குள் ஆலோசகரின் அறைக்கு வெளியேயும் நாற்காலிகள் போட வேண்டியிருந்தது. நிர்வாகி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அறையை மூடும் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். உறுதியான பெண்களைப் பற்றியும் அதன்பிறகு அவர் பேசவில்லை.

அறை தப்பித்துவிட்டது என்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காரில் ஏறியதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன். அங்கிள் காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. நான் பேசி முடிக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது நாள் வந்தாங்களே, மஞ்சள் கோட்டு போட்டுக்கிட்டு" என்றார். "நீ அவங்களைக் கடைசி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனதைப் பார்த்தேன்."

"அங்கிள், அவங்க என்ன சொன்னாங்கன்னு நான்..."

"சொல்லாதேம்மா. நான் கேட்கலை." சாவியைத் தொட்டவர் திருகவில்லை. "அவங்க மூணு குழந்தையும் நான் டெலிவரி பண்ணதுதான். ஒவ்வொரு விசிட்லயும் வீட்ல எல்லாம் ஓகேவான்னு கேட்பேன். ஓகே டாக்டர்னு சிரிப்பாங்க. அவங்க புருஷன் வெளிய பெஞ்சுலதான் உட்கார்ந்திருப்பான். மூணு தடவையும் நான் வெளிய வந்து, பொண்டாட்டியை நல்லா பார்த்துக்கறேப்பான்னு சொல்லி, அவனுக்குக் கை குடுத்தேன்மா."