நான் எழுதாமல் விட்ட கிணறு

காணிக் கடதாசி எழுதுகிறவனுக்கு நாடு மாறினாலும் தலையிடி மாறாது. ஊரில் காணிப் பதிவுக் கந்தோரில் எட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். எண்பத்து நாலில் ரொறன்ரோ வந்து, கிழமை நாட்களில் ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவினேன். சனி ஞாயிறுகளில் நம்மவர்களுக்கு அற்றோணிப் பத்திரம் எழுதினேன். ஊர்க் காணியை நமக்காகக் கைமாற்ற அங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடதாசி அது. அதற்காக அலைந்த நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முப்பத்திரண்டில் ஒன்று

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கமிருந்து ஒரு அண்ணை வந்தார். அவருக்கு ஒரு காணியில் பிரிபடாத முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தன்னுடையது எந்த மூலை என்று கேட்டார். பிரிக்காத காணியில் மூலை கிடையாது என்றேன். இப்படி நூற்றுக்கணக்கில் பதிந்திருக்கிறேன். ஒரு காணியைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை. அண்ணை விடவில்லை.

"அப்ப ஆமி காம்ப் அடிச்சிருக்கிறது என்ர பங்கிலயோ எண்டும் உங்களால சொல்லேலாது?"

வால்

வோபர்னிலிருந்து மலர் வந்தாள். தையல் ஃபக்டரியில் வேலை. தன் சீதனக் காணியைத் தங்கச்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். சண்டையில் வீட்டை இழந்த தங்கச்சி, இரண்டு பிள்ளைகளோடு அந்தக் காணியில்தான் கொட்டில் போட்டிருந்தாள்.

அவளுடைய பழைய காணி உறுதிப் பத்திரத்தின் கடைசியில், பக்கத்துக் காணிக் கிணற்றில் பங்கும் போய்வர வழியும் உண்டு என்றிருந்தது. எங்கள் பதிவேட்டில் இந்த வரிகளுக்கு இடம் காணாது. 'வால்' என்று சொல்லி நறுக்கிவிடுவோம். அதே கைப்பழக்கத்தில் இங்கேயும் நறுக்கினேன். கிணறு எழுதியாச்சோ என்று அவள் கேட்கத்தான் செய்தாள். அது காணியோடு தானாக வரும் என்று பெரிய மனிசத்தனமாய்ச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மலர் என்னை நம்பினாள்.

"ஓம், அண்ணை கந்தோரில இருந்தவர். உங்களுக்குத் தெரியாததே?"

தங்கச்சியின் கடிதம்

ஆறு மாதம் கழித்து மலர் கடிதத்தோடு வந்தாள். உறுதி எழுதும் ஊர் நொத்தாரிசு என் கடதாசியில் இருந்ததை மட்டும் புது உறுதியில் எழுதியிருக்கிறார். பக்கத்துக் காணிக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கிணற்றடிப் படலையைப் பூட்டிவிட்டார். ஆமி ஹெலி தலைக்கு மேலே சுற்றுகிற நேரத்திலும் தங்கச்சி அரை மைல் நடந்து கோயில் கிணற்றில் அள்ளுகிறாளாம்.

பிழை என்னுடையது என்றேன். அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதே புதிதாக ஒன்று எழுதினேன், கிணற்றுக்கு மட்டும் நாலு வரி. வாசித்துக் காட்டத் தொடங்கினேன். மலர் கையை நீட்டினாள்.

"தாங்கோ அண்ணை. இந்த முறை நானே வாசிக்கிறன்."

எட்டு வருடம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொட்டிய என் எழுத்தை ஒருவர் கடைசி வரி வரை சரிபார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் ஃபக்டரியில் தைத்துக் களைத்து வந்த ஒரு பிள்ளை.