கடலோடு போன பதில்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு வாசனை உண்டு. ஒன்று, பாலக்கரைத் தெரு முழுக்க அடிக்கும் பிரியாணி வாசனை. இன்னொன்று, அத்தா வீடியோ காலில் வருவார் என்று அம்மா தலைக்குக் குளித்துவிட்டுப் போடும் சாம்பிராணி. "போன்ல வாசனை எல்லாம் போகாதும்மா" என்று கேலி செய்வேன். "போகலேன்னா போகட்டும், நீ மொதல்ல அந்த கேமராவைத் தொடை" என்பாள்.

அத்தா என்றால் என் அப்பா. அவருக்குச் சவூதியில், ஜித்தாவில் ஒரு கிடங்கில் வேலை. அங்கே ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும் கூப்பிடுவார். முதலில் உதடு அசையும், பேச்சு பின்னால் வரும். அதற்குள் இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அங்கே ஒன்றும் விளங்காது. பொறுத்துப் பார்த்த அத்தா ஒரு சட்டம் போட்டார். பேசி முடித்தவர் கையைத் தூக்க வேண்டும், அதன் பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். அது பழகிப்போய், சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று கேட்டுவிட்டுக்கூட நான் கையைத் தூக்கியிருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு துறையூரிலிருந்து எனக்கு மாப்பிள்ளை வந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் பெரிதாக இல்லை, குறட்டையைத் தவிர. சிக்கல் தேதியில்தான் வந்தது. அத்தாவுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று தெரியவில்லை, மாப்பிள்ளை வீட்டில் அவசரம். "பொண்ணோட அத்தா நேர்ல இருக்கணும்னு அவசியமில்லைங்க. அவர் சொல்லிவிட்டா அவர் தம்பி நிகாஹ் செஞ்சு கொடுக்கலாமே" என்று ஆளாளுக்கு ஞாயம் பேசினார்கள்.

ஞாயப்படி சரிதான். ஆனால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து கொடுத்தேன்" என்று என் அத்தா சொல்ல வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கட்டத்தில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள்; நான் பெண்ணின் தகப்பனைப் பார்ப்பேன். இதைப் போய் யாரிடம் சொல்வது? அத்தாவிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் பார்த்துச் செங்கடலுக்கடியில் கேபிள் அறுந்தது. நம் பேச்சும் படமும் வானத்தில் போவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கடலின் தரையில் கிடக்கும் கேபிளுக்குள், தலைமுடி அளவுக் கண்ணாடி இழையில், வெளிச்சமாக ஓடுகிறதாம். ஒன்று அறுந்தால் எல்லாப் பேச்சும் வேறு வழியில் நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டும். காவிரிப் பாலத்தை மூடினால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மொத்தமும் பைபாஸில் சுற்றிக்கொண்டு வருவார்களே, அதே கதைதான்.

தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். "எம் பொண்ணுகிட்ட நானே கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் அத்தா. போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மலைக்கோட்டைப் பக்கம் திரும்பி நின்றால் சிக்னல் நன்றாக இருக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்படியே நின்றேன்.

"அடுத்த மாசமே வச்சுக்கலாங்கிறாங்கம்மா. உனக்குச் சம்மதமா?"

"வேணாம்த்தா. நீங்க வந்தப்புறம் வச்சுக்கலாம். நீங்க இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினேன்.

திரையில் அத்தாவின் முகம் அப்படியே நின்றுபோனது. இமைகூட அசையவில்லை. "அத்தா, கேக்குதா? அத்தா!" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் அசைந்தது.

"லைன் விட்டு விட்டு வருதும்மா, ஒண்ணும் கேக்கல. பரவாயில்ல. பொண்ணு பேசாம இருந்தாலே சம்மதம்தானே. அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்றார். கால் போய்விட்டது.

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்கும்போது பெண் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எங்களில் வழக்கம். வெட்கப்படுகிற பெண்ணுக்காக வைத்த சலுகை அது. நானோ ஊரைக் கூட்டுவதுபோல் கத்தியிருக்கிறேன். அத்தனையும் கடலோடு போய், வெட்கமாக ஜித்தாவில் கரையேறியிருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. கீழே இறங்குவதற்குள் அத்தா சாதாரண போனில் தன் தம்பியை, எங்கள் சின்னத்தாவைக் கூப்பிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார். யாரோ என் வாயில் லட்டைத் திணித்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அதை இன்னொரு முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நிகாஹ் நன்றாகவே நடந்தது. சின்னத்தாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்தார். போனில் பார்த்துக்கொண்டிருந்த அத்தா புதுச் சட்டை போட்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அத்தா இப்போது ஊரோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் தில்லை நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். போன மாதம் அப்படி வந்திருந்தபோது, மறுபடி எங்கோ கடலில் கேபிள் அறுந்து நெட் நத்தையாக ஊர்ந்தது. என் வீட்டுக்காரர் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பழைய ஆத்திரம் கிளம்பியது. "இந்தப் பாழாப்போன கேபிள் அன்னிக்கு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, மொட்டை மாடியில் சொன்னதை அத்தாவிடம் முதல் முறையாகச் சொல்லி முடித்தேன்.

அத்தா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சும்மா" என்றார்.

"என்னத்தா சொல்றீங்க?" என்றேன்.

"அப்ப லீவுன்னு வாயெடுத்தா, முதலாளி ஒரேயடியா ஊருக்குப் போயிடுங்கிறான். வேலை போனா உன் கல்யாணமே நின்னுடும். நீ காத்திருக்கேன்னு சொல்றே, நான் எந்தத் தேதியைச் சொல்றது? எல்லாரும் லைன் சரியில்ல, லைன் சரியில்லன்னுட்டு இருந்தாங்க. நானும் அதையே சொல்லிட்டேன்."

"பொய் சொல்லாதீங்கத்தா. நான்தான் பார்த்தேனே, படமே நின்னுபோச்சு."

"படம் நிக்கலம்மா" என்றார் அத்தா. "நான்தான் அசையாம உக்காந்திருந்தேன்."