ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு வரித் தமிழ்

போன செவ்வாய்க்கிழமை காலை, பாலிகஞ்சில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். பெங்காலியிலிருந்து தமிழுக்கு.

கும்பகோணத்திலிருந்து அக்கா வந்திருக்கிறாள். ஒரு மாசம் தம்பி வீட்டில் இருப்பது, காளிகாட் போவது... திட்டம் அவ்வளவுதான். வந்த மூன்றாம் நாளே அவள் கழுத்தில் இருந்த கட்டியை என் மனைவி பார்த்துவிட்டாள். ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டைக் கேட்கத்தான் போயிருந்தோம். அக்காவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். எனக்கு பெங்காலி தண்ணீர் பட்ட பாடு — முப்பது வருஷம் இந்த ஊரில் பாங்க் உத்தியோகம் பார்த்தவன் ஆயிற்றே.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். தைராய்டு கேன்சர். சீக்கிரம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் குரல் கம்மிப் போகலாம். சிலருக்கு அது சரியாகாமலே போவதும் உண்டு. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். நான் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

"என்னடா சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"சாதாரணக் கட்டிதானாம். சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணணுமாம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நான் அஞ்சு நிமிஷம் பேசினேன். உங்க தமிழ்ல அது ஒரு வரிதானா?"

அசடு வழிந்தேன். வேறென்ன செய்வது?

"தீதிக்கு என்ன புரிஞ்சுதுன்னு அவங்களே சொல்லட்டும். அதை அப்படியே எனக்குச் சொல்லுங்க" என்றார். இங்கே அக்காவைத் தீதி என்பார்கள். எல்லா நோயாளிகளிடமும் அவர் இப்படித்தான் கேட்பாராம்.

கேட்டேன்.

"சாதாரணக் கட்டி. அப்போ என்ன அவசரம்? ஊருக்குப் போய், பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கறேனே" என்றாள் அக்கா.

இதை நான் பெங்காலியில் சொல்ல வேண்டும். என் பொய்யை, என் வாயாலேயே. அந்த அம்மாள் மட்டும் கேட்காமல் விட்டிருந்தால், அக்கா கழுத்தில் அதோடு ரயில் ஏறியிருப்பாள்.

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை அக்கா பக்கமாக நகர்த்திப் போட்டு, ஒவ்வொரு வரியாக முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போகவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், "குரல் போயிடுமா?" "ஜாக்கிரதையாத்தான் செய்வேன். ஆனா சத்தியம் பண்ண முடியாது" என்றார். அதையும் சொன்னேன்.

நோயாளி தாங்கமாட்டார் என்றுதானே எல்லோரும் மறைக்கிறோம்? அன்று அந்த அறையில் தாங்காதவன் நான் ஒருவன்தான்.

லேக் மார்க்கெட்டில் டாக்ஸியை விட்டு இறங்கும்போது அக்கா சொன்னாள், "கேன்சர்னு அவங்க சொன்னது முதல்லயே என் காதுல விழுந்துதுடா. நீ சாதாரணக் கட்டின்னதும், நமக்குத்தான் சரியா கேக்கலைன்னு நினைச்சுட்டேன்."

தன் காதைவிட என்னை நம்பியிருக்கிறாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது — இதை மட்டும் அக்காவிடம் ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லிவிட்டேன்.