அவசரம் என்ற கட்டம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரின் வாசலில், கதவுக்கு முதுகைக் காட்டியபடி எங்கள் கொள்முதல் சார் மழையில் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. உள்ளே மூன்று தார்ப்பாய்க் கடைக்காரர்கள் ஆளுக்கொரு கணினி முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் வேலை பார்த்த நிவாரணத் தொண்டு நிறுவனத்தில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பொருள் வாங்குவதெல்லாம் இனி இணையத்தில்தான் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்ததும், பயிற்சிக்குப் போய்வந்த என்னிடமே ஒப்புதல் தரும் பொறுப்பும் வந்தது. அதுவரை சார் ஒரு போன் போடுவார். மதியத்துக்குள் சரக்கு வண்டி மலையேறிவிடும். இப்படி வாங்குகிறவரின் கை சுத்தமாக இருக்குமா என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் ஓர் இரவு, கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரின் கூரைகளைக் காற்று பிய்த்துப் போட்டுவிட்டது. உடனே தார்ப்பாய் வேண்டும். மூன்று கடைகளின் கொட்டேஷன் பதிவானால்தான் கணினி அடுத்த பக்கத்துக்கே போகும். கடைக்காரர்களுக்கோ பாஸ்வேர்டு என்றாலே பயம். பகல் முழுக்கக் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. திரையின் ஓரத்தில் ‘அவசரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் டிக் செய்தால் ஒரே கடையில் வாங்கிவிடலாம்.

“அத்த அமுக்கிடுங்களேன் மேடம். புள்ளகுட்டிங்க நனஞ்சிக்கினு கெடக்குதுங்க,” என்றார் சார்.

“ரூல்னா ரூல்தான் சார்,” என்றேன். அவருக்கு என் அப்பா வயது.

மறுநாள் காலை மூவரையும் அவரே திரட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத போட்டியாளர்கள். எங்கே எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர், விலை போடும் நேரம் வந்ததும் வெளியே போய்விட்டார். ஒதுங்கி நிற்க அங்கே கூரைகூட இல்லை.

“உள்ள வாங்க சார், இன்னா வெல போடறதுன்னு சொல்லுங்க,” என்று ஒருவர் கூப்பிட்டார்.

“அத நான் பாக்கக் கூடாதுங்க. நீங்களே போடுங்க,” என்றார் திரும்பாமலேயே. ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

இணையக் கொள்முதலை நான் குறை சொல்ல மாட்டேன். இன்று அந்தக் கடைக்காரர்களே செல்போனில் மளமளவென்று விலை போடுகிறார்கள். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவசரக் கட்டத்தையும் இப்போதெல்லாம் தேவைப்பட்டால் நான் தயங்காமல் டிக் செய்கிறேன். அன்று எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலமே தார்ப்பாய்களோடு மலையேறினோம். கைக்குழந்தையோடு ஒரு பெண் சாரிடம் பாய்ந்தாள். “நேத்தே வரும்னாங்களே! ரெண்டு ராத்திரியா புள்ளைய மடியில போட்டுக்கினு குந்திக்கினு இருக்கேன். எங்க போயிருந்தீங்க?”

சார் என் பக்கம் பார்க்கவே இல்லை. “என் தப்புதாம்மா. நான்தான் லேட் பண்ணிட்டேன்,” என்றார்.

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே அவள் வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டினார். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றது நான்.