வெறும் நெற்றி

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் மாணவிகளை நிறுத்தி வைத்துப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒற்றைக் காலில் தவம் செய்கிறவன் யார் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. நான் இரண்டுக்கும் வாதாடுவேன். விலா எலும்பைச் செதுக்கிய பாணி, அன்றைய அரசன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டிருப்பான் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி, கடைசியில் இரண்டுமே சரி என்று முடிப்பேன். கல்லில் இருப்பவர்கள் யாரும் எழுந்து வந்து என்னைக் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எனக்கு வாய் நீண்டது.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. குடியிருந்தது கோவளத்தில். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. கடற்கரைச் சாலையில் ஓவியக் கண்காட்சி எங்கே நடந்தாலும் பஸ் பிடித்துப் போய்விடுவேன். அப்படிப் போன ஒன்றில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீர்வண்ண ஓவியம். கரையில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், பக்கத்தில் கவிழ்த்த, நெளிந்த அலுமினியக் கூடை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சரித்து வரைந்திருந்தார் ஓவியர். நெற்றியில் பொட்டு இல்லை.

போதாதா? கடற்கரை என்றால் நெய்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று வருடாவருடம் பாடம் நடத்துகிறவள் நான். கடலோரத்துப் பெண்ணைப் பற்றிப் பழைய நாவல்கள் சொன்னதெல்லாம் வேறு தலைக்குள் இருந்தது. ஒரு பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு எழுதித் தள்ளினேன். கடலுக்குக் கணவனைக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கும் கைம்பெண் இவள், இந்த வெறும் நெற்றிதான் படத்தின் உயிர் என்று எழுதினேன். படத்தோடு வெளிவந்தது. கல்லூரியில் முதல்வர்கூடப் பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கைந்து நாள் கழித்து ஒரு காலை மீன்காரம்மா வாசலில் வந்து நின்றாள். வாரத்தில் பாதி நாள் எங்கள் படியில் உட்கார்ந்து எனக்கு மீன் ஆய்ந்து தருகிறவள். அன்று கூடையில் மீன் இல்லை. மடித்த பேப்பர் ஒன்று இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, எம்புருசன் பூட்டான்னு எழுதிட்டியாமே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பேப்பரை விரித்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அந்த நெளிந்த கூடையை எங்கே பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. மூன்று வருடமாகப் பார்க்கிற முகம். நான் படத்தில் பாணியைப் பார்த்தேன், சமூகத்தைப் பார்த்தேன், இவளைப் பார்க்கவில்லை. அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது.

"அன்னிக்கி வெயில்ல ஸ்டிக்கரு எங்கியோ வுழுந்துட்ச்சி. அந்தாளு அப்டியே வரஞ்சிட்டான்," என்றாள். "எம்புருசன் காசிமேட்டுல போட் ஏறி நாலு நாளாவுது. வர இன்னும் ஒரு வாரம் ஆவும். நாத்தனா டீக்கடையில இத்தப் படிக்கச் சொல்லிக் கேட்டுகினு வந்து மாமியாகிட்ட சொல்லிட்ச்சி. மாமியா என் கையால சோறு வாங்கித் துன்ன மாட்டேங்குது. புருசனுக்கு ஒண்ணு ஆச்சின்னா என்னியதான் சொல்வாங்க."

அவள் கணவன் நல்லபடியாகத் திரும்பிவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பாடம் நடத்தும் நாவல்களாக இருந்தால் அவனைக் கடலில் முடித்திருப்பார்கள். இதில் அப்படி வாசிக்கிற யாரையும் தவிப்பில் இழுத்துப்பிடித்து வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். மறுப்பு எழுதுகிறேன் என்றேன். அவளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"படத்துல ஒரு பொட்டு வைக்கச் சொல்லு. அது போதும்."

ஓவியருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். "மேடம், வெறும் நெற்றிதான் உயிர்னு நீங்கதானே எழுதினீங்க? அதுக்கப்புறம் நான் எப்படி அதுல கை வைக்கிறது? படம் என்கிட்ட இல்லவும் இல்ல. முட்டுக்காடு பக்கத்துல ஒரு ஹோட்டல்ல வாங்கி மாட்டிட்டாங்க. உங்க கட்டுரையையும் வெட்டி ஃபிரேம் போட்டுப் பக்கத்துலயே வச்சிருக்காங்க."

சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார், பாவம்.

அன்று கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். ஹோட்டல் வாசலில் காவலாளி என்னை விட்டுவிட்டு அவளை நிறுத்தினார். என்னோடு வந்தவர் என்று சொல்லி அழைத்துப்போனேன். வரவேற்பறைச் சோபாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் படம், பக்கத்தில் என் கட்டுரை. அவள் கட்டுரைப் பக்கம் திரும்பவே இல்லை. படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாதான் வரஞ்சிகீறான்," என்றாள்.

பிறகு அவள் கை தன் நெற்றிக்குப் போனது. பொட்டைத் தொட்டது, எடுக்காமல் நின்றுவிட்டது. புருஷன் கடலில் இருக்கும்போது எப்படி எடுப்பாள்? என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அவளிடம் கொடுத்தேன். சோபாவில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, கண்ணாடிக்கு மேல் அதைச் சரியான இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். காவலாளி வருவதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள், "வூட்டுக்குப் போனதும் பொட்டு வச்சிக்கோ டீச்சரம்மா. அண்ணாத்த வர்ற நேரம்," என்றாள்.

நான் வைத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். வேண்டுமென்றேதான் வெறும் நெற்றியோடு குக்கரை ஏற்றினேன். கணவரின் கம்பெனி வேன் வருகிற நேரம் ஆனது, வரவில்லை. தோண்டிப் போட்ட சாலை, லாரிகள், எனக்கு எதெதுவோ ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தேன். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பழைய பொட்டை எடுத்து நெற்றியில் அழுத்திக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்மேலேயே எனக்கு அவ்வளவு கோபம். ஆனாலும் நகர முடியவில்லை. கடைசியில் வேன் வந்தது. டயர் பஞ்சராம், சிரித்துக்கொண்டே இறங்கினார்.

எனக்கு ஒரு மாலையோடு முடிந்துவிட்டது. அவள் அந்த வாரம் முழுக்க, சாயங்காலம் ஆனால் கரையில் போய்த் தனியாக நின்றாள், கூடையைப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு. கல்லூரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் பார்த்தேன். அதற்கு முன் அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. மீன் விற்று, உலை வைக்கவே அவளுக்கு நேரம் போதாது. கடலைப் பார்த்துக் காத்துக்கொண்டு அவள் முதலில் நின்றது என் கட்டுரையில்தான்.